டேட்டா எந்த டிரைவில் இருக்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். கம்ப்யூட்டர் எனக்குச் சோறு போடுகிற தொழில் இல்லை. வங்கிக் கிளையில் லோன் ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிறவன். அதனால் கீழே வருகிற டேட்டாபேஸ் சமாச்சாரத்தில், விவரம் தெரிந்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் வெளியூரில் சங்கம், கோயில் கமிட்டி, பொங்கல் விழா வசூல் என்று ஏதாவது ஒரு கணக்கைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதற்குப் பொறுப்பாளி என்று பெயரும் வாங்கிக்கொண்ட ஆள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இது உங்களுக்கு.

நாக்பூருக்கு நான் மாற்றலாகி வந்தது 2014-இல். இங்கே அஜ்னி பக்கம் ரயில்வேயில் இருந்த நம்மூர்க்காரர்கள் சிலர் 1996-இல் ஆரம்பித்த ஒரு அவசர நிதி உண்டு. போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது. 54 குடும்பம், மாதம் 100 ரூபாய். ஊரிலிருந்து ராத்திரி போன் வரும். எந்த போன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மதியவாக்கில் நாக்பூரைத் தாண்டும்; அதைப் பிடித்தால் மறுநாள் காலை சென்னை, அங்கிருந்து தெற்கே போக இன்னும் அரை நாள். அதுவரை உடம்பை வைத்திருக்கமாட்டார்கள். பிளேனில்தான் போகவேண்டும். அந்த நேரத்தில் 15,000 ரூபாய் வரை, கேள்வி கேட்காமல், வட்டி இல்லாமல் கையில் கொடுப்பதுதான் நிதியின் ஒரே வேலை. திரும்பி வந்து முடிந்தபோது முடிந்ததைக் கட்டலாம்.

ஆரம்பித்தவர்களில் ஒருவர் அண்ணாச்சி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அம்பாசமுத்திரம் பக்கம். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டில் அவர்தான் வருடக்கணக்காகக் கணக்கு எழுதினார். 2010-இல் ஒரு உறுப்பினரின் மகன், அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன், காசு வாங்காமல் ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தான். அடியில் மைஎஸ்க்யூஎல். நோட்டு பரண் ஏறியது. 2015-இல் அண்ணாச்சிக்குக் கண்ணில் ஆபரேஷன். "தம்பி பேங்க்ல இருக்காரு, அவரு பாத்துக்கிடட்டும்" என்று சொல்லி, கம்ப்யூட்டரை என் வீட்டு ஹாலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

பேங்க்காரன் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேக்கப் எடுத்தேன். அந்தப் பையன் டெஸ்க்டாப்பில் 'பேக்கப்' என்று ஒரு ஐகான் வைத்துவிட்டுப் போயிருந்தான். பென் டிரைவைச் சொருகி அதை இரண்டு தட்டு தட்டினால், கறுப்பு ஜன்னல் ஒன்று வந்து மறையும். பென் டிரைவில் தேதியோடு ஒரு ஃபோல்டர். அதை பீரோவில் வைத்துப் பூட்டுவேன். கட்டிய பணத்துக்கு யாராவது ரசீது கேட்டால், "அதான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே, ரசீது எதுக்கு?" என்பேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் மறக்க முடியவில்லை.

2017 மே. நாக்பூர் மே மாதத்தைப் பற்றிச் சொன்னால் சென்னைக்காரர்கள் நம்பமாட்டார்கள். 45 டிகிரி இங்கே சாதாரணம். வெயிலுக்கு நாமே சுருண்டு கிடக்கும்போது கம்ப்யூட்டர் எம்மாத்திரம். ஆன் செய்தால் கால் மணி நேரம். சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, இடமே இல்லை. (பொங்கல் விழா வீடியோக்களை எல்லாம் டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருந்தேன். டெஸ்க்டாப்பும் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.) பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டேன். ஃபார்மேட் செய்து விண்டோஸை மறுபடி போடவேண்டும் என்றான். நல்ல பையன், கேட்டுக்கொண்டுதான் செய்தான்.

"டேட்டா டி மே ஹை நா, ஸாப்?"

"ஹாங், ஹாங்" என்றேன். பொய் சொல்லவில்லை. டி டிரைவில் நிதியின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது, என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சாஃப்ட்வேரை அங்கிருந்துதான் திறப்பேன். சாஃப்ட்வேர் எங்கேயோ கணக்கும் அங்கேதானே?

அங்கே இல்லை. சாஃப்ட்வேர் என்பது கவுன்ட்டர். பணம் வாங்கும், சிரிக்கும், பாஸ்புக் போட்டுக் கொடுக்கும். பெட்டகம் வேறு இடத்தில். மைஎஸ்க்யூஎல் விண்டோஸில் தன் பெட்டகத்தை, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரை விண்டோஸ் சாதாரணமாகக் கண்ணில் காட்டாது, மறைத்து வைத்திருக்கும். நிதியின் நான்கு வருடக் கணக்கு அங்கே இருந்தது. 'ஹாங், ஹாங்' என்று நான் சொன்ன அரை மணி நேரத்தில் அது போய்விட்டது.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று பதறாமல்தான் இருந்தேன். பென் டிரைவை எடுத்தேன். கடைசி ஞாயிறு தேதியில் ஃபோல்டர் இருந்தது. உள்ளே 12 ஃபைல்கள். 11 டேபிளுக்குத் தலைக்கு ஒன்று, கூடவே ஒரு குட்டி ஃபைல். டேபிள் ஃபைல்கள் எல்லாம் .எஃப்ஆர்எம் என்று முடிந்தன, ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது கேபி. மொத்தமாகக் கூட்டினால் 110 கேபி தேறவில்லை. 54 குடும்பத்தின் நான்கு வருட வரவு செலவு ஒரு போட்டோ அளவுகூட இல்லையா என்று அப்போதுதான் தோன்றியது. இரண்டு வருடமாக ஞாயிறு தோறும் பார்த்த அதே அளவு. ஒரு கேபிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. தினம் கேஷ் எண்ணுகிறவன் அதைக் கவனிக்கவில்லை.

ஹைதராபாத்தில் வேலையில் இருந்த அந்தப் பையனுக்கு போன் போட்டேன். அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவன் சொன்னதும், பின்னால் நானே ராத்திரிகளில் படித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான்.

மைஎஸ்க்யூஎல்லில் ஒரு டேபிளை டிஸ்க்கில் எழுத வேறு வேறு இன்ஜின்கள் உண்டு. பழையது மைஐசாம். அதில் ஒரு டேபிளுக்கு மூன்று ஃபைல்: அமைப்பு ஒன்றில், விவரம் .எம்ஒய்டி-யில், இன்டெக்ஸ் .எம்ஒய்ஐ-யில். மூன்றும் அந்த டேட்டாபேஸின் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கும். சர்வரை நிறுத்திவிட்டு ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் பேக்கப் முடிந்தது. 2010-இல் பையன் எழுதியது அப்படி. அவன் வைத்த ஐகான் அன்றைக்குச் சரியாகவே வேலை செய்தது.

2010 கடைசியில் வந்த 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபி என்ற இன்ஜின்தான் முதல் இயல்பு. பல வகையில் மேலானது. பாதியில் கரன்ட் போனாலும் கணக்கு அந்தரத்தில் நிற்காது. ஆனால் அந்தப் பதிப்பில், நாம் மாற்றிச் சொல்லாவிட்டால், எல்லா டேபிளின் விவரத்தையும் ஐபிடேட்டா1 என்ற ஒரே ஃபைலில் மொத்தமாகக் கொட்டி வைக்கும். அந்த ஃபைல் இருப்பது டேட்டாபேஸ் ஃபோல்டருக்குள் இல்லை, அதற்கு ஒரு படி மேலே. ஃபோல்டருக்குள் மிஞ்சுவது டேபிளின் அமைப்பு மட்டும். பையன் 2013 லீவில் வந்தபோது 5.5-ஐப் போட்டு, டேபிள்களைப் புதிதாக எழுதி, பழைய பாக்கிகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஐகானை மாற்ற மறந்துவிட்டான். ஆக, பீரோவில் நான் பூட்டி வைத்தது லெட்ஜரின் தலைப்புக் கோடுகளை. தேதி, பெயர், பற்று, வரவு என்று கட்டம் போட்டிருக்கும். வரிகள் இருக்காது.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். அந்தக் காலத்து விண்டோஸ் நிறுவலில், இன்னோடிபி ஃபைலை எந்த டிரைவில் வைக்கட்டும் என்று கேட்கிற ஒரு திரையே இருந்தது. பையன் 'நெக்ஸ்ட்' தட்டித் தாண்டினான். நானாக இருந்தாலும் தட்டியிருப்பேன். யாருக்குத்தான் அந்தக் கேள்வி கேள்வியாகத் தெரியும்?

ஃபைலை மீட்கிற கடை ஒன்றுக்கு டிஸ்க்கை எடுத்துப் போனேன். அதன் மேலேயே புது விண்டோஸ் எழுதியாகிவிட்டது. வந்ததெல்லாம் பொங்கல் வீடியோக்கள்.

பணம் பத்திரமாகத்தான் இருந்தது, வங்கிக் கணக்கில். யாருக்கு எவ்வளவு என்பதுதான் போய்விட்டது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் மாதா மாதம் 'கேஷ் டெபாசிட் 9,400', 'கேஷ் டெபாசிட் 8,150' என்று மொத்தமாக ஒரு வரி. அதில் சந்தா எவ்வளவு, பழைய பாக்கி எவ்வளவு, யார் கொடுத்தது? 2012 வரைக்கும் பழைய காப்பி இருந்தது. அதற்கு மேலே, வீடு வீடாகப் போய்க் கேட்பதைத் தவிர வழியில்லை. அண்ணாச்சியும் கூட வந்தார்.

கடன் வசூலுக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு. கையில் பேப்பர் இருக்கும், இவ்வளவு பாக்கி என்று சொல்வேன். இங்கே உல்டா. "நீங்க எங்களுக்கு எவ்வளவு தரணும், நீங்களே சொல்லுங்க" என்று ஒரு பேங்க் ஆபீசர் போய் நிற்பதைக் கற்பனை செய்துபாருங்கள். மெஸ் நடத்துகிற அக்கா, தன் அம்மா காரியத்துக்கு வாங்கியதை விரல் விட்டு எண்ணி, "சரியா ஞாபகம் இல்ல தம்பி, ஏழாயிரத்தஞ்சூறுன்னு எழுதிக்கிடுங்க, கூடப் போனாலும் பரவாயில்ல" என்றார். ஒருவர் மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, பிறகு போனையே எடுக்கவில்லை. பெரும்பாலும் ஒழுங்காகத்தான் சொன்னார்கள்.

டெய்லர் ஒருவர். 2015-இல் அவர் அப்பா தவறியபோது 15,000 வாங்கினார். ஆயிரம், ஐந்நூறு என்று கட்டிக்கொண்டே வந்தார். முடித்துவிட்டார் என்று என் மனதில் ஒரு நினைவு. ஆனால் என் நினைவை வைத்து 15,000-ஐக் கழிக்க முடியாது, கமிட்டியும் எல்லோரையும் ஒரே மாதிரி கேட்கவேண்டும் என்றது. கேட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"போன தீபாவளிக்கு முந்தியே முடிச்சிட்டேனே சார். கடைசி ஆயிரத்தைக் கொடுத்தப்போ நீங்க டைப் பண்ணீங்க. நான் பின்னால நின்னு பாத்தேனே."

"எல்லாரையும் கேக்குறோம், உங்களை மட்டும் இல்ல..."

"ரசீது கேட்டேன். கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுன்னீங்க. இப்ப எவ்வளவுன்னு சொல்லுங்க, இன்னொருக்கா கட்டிடறேன்."

அண்ணாச்சி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கணக்கை முடிந்தது என்றே எழுதினோம். அடுத்த மாதத்திலிருந்து அவர் சந்தா கட்டவில்லை. பொங்கல் விழாவில் பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான். மெஸ் அக்கா சொன்னதும் சரிதானா, அதிகமா என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. அவர் அந்த ஏழாயிரத்து ஐந்நூறையும் கட்டி முடித்தார்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற யோசனையை ஐபிஎம்மில் இருந்த எட்கர் கோட் 1970-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அதன் தலைப்பிலேயே 'டேட்டா பேங்க்ஸ்' என்று வருகிறது. நம்ம ஜாதி என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன் :-) அவர் ஆரம்பத்திலேயே சொல்வது, டேட்டாவைப் பயன்படுத்துகிறவர் அது மெஷினுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமே இருக்கக்கூடாது என்பது. அருமையான யோசனை. கவுன்ட்டருக்கு வருகிறவர் ஸ்ட்ராங் ரூம் எந்தப் பக்கம் என்று எதற்குத் தெரிந்துகொள்ளவேண்டும்? ஆனால் கிளையில் யாராவது இரண்டு பேருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். எங்கள் நிதியில் அந்த இரண்டு பேர் இல்லை. நான் கவுன்ட்டரில் நிற்கிற வாடிக்கையாளராகவே இருந்துகொண்டு, சாவி என்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தார். கோர் பேங்கிங் மாற்றம் நடந்தபோது ஆறு மாதம் ப்ராஜெக்ட் ஆபீஸில் டெஸ்டிங்குக்குப் போட்டிருந்தார்கள். பல வங்கிகளைப் போலவே அங்கேயும் அடியில் ஆரக்கிள். அதைப் பார்த்துக்கொண்ட ஒரு பெங்காலி தாதா டீ குடிக்கும்போதெல்லாம் டிஸ்க்கைப் பற்றித்தான் பேசுவார். டேபிள்ஸ்பேஸ் என்று பெயர் வைத்து, எந்த டேபிள் எந்த டிஸ்க்கில் உள்ள எந்த ஃபைலில் உட்காரவேண்டும் என்று அவர்தான் முடிவு செய்வார். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற ஜாதகம் கன்ட்ரோல் ஃபைல். அதில் மூன்று பிரதி, மூன்று டிஸ்க்கில். மாற்றங்களை வரிசையாக எழுதுகிற ரீடூ லாக் ஒருபோதும் டேட்டாவோடு ஒரே டிஸ்க்கில் இருக்கக்கூடாது, டேட்டா டிஸ்க் போனால் லாக்கை வைத்துத்தான் மீட்கவேண்டும் என்பார். எனக்கு உடனே புரிந்தது. ஸ்ட்ராங் ரூம் டூப்ளிகேட் சாவியை நாங்கள் அதே கிளையில் வைப்பதில்லையே, வேறு கிளையில் கொடுத்து ரசீது வாங்கி வைப்போமே, அந்த மாதிரிதானா என்றேன். "எக்ஸாக்ட்லி" என்றார். புரிந்ததெல்லாம் ஆபீஸோடு நின்றுவிட்டது. வீட்டு ஹாலில் இருந்த பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றவே இல்லை.

எல்லா டேட்டாபேஸிலும் இதற்கு வழி இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் என்றால் .எம்டிஎஃப் டேட்டாவுக்கு, .எல்டிஎஃப் லாகுக்கு, உருவாக்கும்போதே எங்கே என்று சொல்லலாம். போஸ்ட்கிரஸில் 2005-இல் வந்த 8.0 முதல் டேபிள்ஸ்பேஸ் உண்டு. ஆனால் அதைத் தனி டப்பாவாக நினைத்து, கழற்றி மாட்டுகிற பென் டிரைவில் எல்லாம் வைக்கக்கூடாது. ஒரு டேபிள்ஸ்பேஸ் காணாமல் போனால் மொத்த டேட்டாபேஸும் எழும்பாமல் படுத்துவிடலாம்.

நான் கையைச் சுட்டுக்கொண்ட மைஎஸ்க்யூஎல்லை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். எங்கே இருக்கிறது என்று அதனிடமே கேட்கலாம். செலக்ட் என்று அடித்து, இரண்டு @ குறி போட்டு, ஒட்டினாற்போல் டேட்டாடைர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் பாதையைச் சொல்லிவிடும். இரண்டே நொடி. 2017 மே மாதத்துக்கு முன்னால் நான் செலவழிக்காத இரண்டு நொடி. அது சி டிரைவைச் சொன்னால் மாற்றுங்கள். முதலில் சர்வீஸை நிறுத்தவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி செய்தால் பாதி எழுதியதும் எழுதாததுமாகத்தான் வரும். பிறகு டேட்டா ஃபோல்டர் முழுவதையும், ஐபிடேட்டா1, லாக் ஃபைல்கள் எல்லாம் சேர்த்து, டி டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டு, மை.ஐஎன்ஐ ஃபைலில் டேட்டாடைர் என்ற வரியில் புதுப் பாதையை எழுதவேண்டும். இங்கே நான் ஒரு ராத்திரி முழுக்க முட்டிக்கொண்டேன். விண்டோஸ் பழக்கத்தில் பாதையைப் பின்சாய்வுக் கோடு போட்டு எழுதினால் அது சில எழுத்துகளோடு சேர்ந்து வேறு அர்த்தமாகிவிடும். முன்சாய்வுக் கோடு போடுங்கள். சர்வீஸ் எந்தப் பெயரில் ஓடுகிறதோ (பெரும்பாலும் நெட்வொர்க் சர்வீஸ்) அதற்குப் புது ஃபோல்டரில் எழுத அனுமதியும் கொடுக்கவேண்டும். உபுண்டுக்காரர்களுக்கு இன்னொரு கண்ணி: எல்லா அனுமதியும் சரியாக இருந்தும் கிளம்பாது. ஆப்ஆர்மர் என்ற காவல்காரனிடம் புது இடத்தைச் சொல்லி வைக்கவேண்டும். எல்லாம் கிளம்பிய பிறகும் பழைய ஃபோல்டரை அழிக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றி ஒரு மாதம் கிடக்கட்டும்.

டி டிரைவும் அதே டிஸ்க்கின் இன்னொரு அறைதான், தனி டிஸ்க் இல்லை. ஃபார்மேட்டிலிருந்து தப்பும், டிஸ்க் செத்தால் தப்பாது. ஆகையால் பேக்கப்புக்கு ஃபைலைக் காப்பி செய்கிற வேலையே இப்போது இல்லை. மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கருவி எல்லா வரியையும் எழுத்தாக ஒரே ஃபைலில் எழுதிக் கொடுக்கும். இன்ஜின் எதுவானாலும், ஃபைல் எங்கே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நோட்பேடில் திறந்தால் மெஸ் அக்கா பெயரைக் கண்ணால் பார்க்கலாம்.

2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பணப் பரிவர்த்தனை விவரங்கள் எல்லாம் இந்தியாவுக்குள்தான் வைக்கப்படவேண்டும், ஆறு மாதம் அவகாசம் என்று உத்தரவு போட்டபோது ஆபீஸில் பெரிய பேச்சு. டேட்டா எங்கே உட்கார்ந்திருந்தால் என்ன சார், வேலை நடந்தால் போதாதா என்றான் ஒரு புதுப் பையன். நான் ஒன்றும் சொல்லவில்லை. டெய்லர் கடை ஞாபகம் வந்தது.

இப்போது நிதியில் 52 குடும்பம். பாதை, பாஸ்வேர்ட், பேக்கப் எங்கே என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதி என் பீரோவில், ஒன்று மெஸ் அக்கா வீட்டில் கவரில் ஒட்டி வைத்திருக்கிறது. ஐந்து ரூபாய் கட்டினாலும் கார்பன் வைத்து ரசீது. அண்ணாச்சி 2021-இல் போய்விட்டார்; அவர் பிள்ளைகள் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனதற்குப் பணம் இதே நிதியிலிருந்துதான் போனது. மாதம் முதல் ஞாயிறு, அந்த மாத பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, கூட்டல் சரியாக வருகிறதா என்று பார்ப்பேன். வேறொரு மெஷின் என்பது என் மகளின் லேப்டாப்.

"அப்பா, என் லேப்டாப்ல எதுக்குப்பா மறுபடியும் உங்க லோன்லாம்? ஸ்பேஸே இல்ல" என்றாள் போன வாரம்.

"எந்த டிரைவ்ல ஸ்பேஸ் இல்ல?" என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.